சின்ன ர, பெரிய ற

காலையில் பஜனை மண்டபத்துக்குள் நுழைந்ததுமே சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. மார்கழி பிறக்கப் போகிறதே, வருஷா வருஷம் அடிக்கிற வெள்ளைதான். இந்த முறை கூடவே ஒரு பெயின்டரும் வந்திருந்தான். தவளக்குப்பத்துக்காரன், அந்தச் சந்திப்பில் இருக்கிற கடை போர்டெல்லாம் அவன் எழுதியதாம். ஐயாவின் பாட்டு எழுதிய சுவர் மங்கிப்போய்விட்டதால், பழைய எழுத்தின் மேலேயே புது பெயின்ட் ஓட்டச் சொல்லியிருந்தார்கள். மளமளவென்று ஓட்டிக்கொண்டு வந்தவன் கடைசி வரியில் பிரஷைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"அம்மா, இங்க ஒரு எழுத்து வுட்டுப்போச்சு பாருங்க. 'வாசல் தேடி'ன்னு எழுதி, 'இ' போட்டு, கொஞ்சம் எடம் வுட்டு, 'ங்கி வா'ன்னு முடிச்சிருக்காங்க. நடுவுல இன்னா போடணும்? சின்ன ர-வா, பெரிய ற-வா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்து, அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. பாவம், பையன் பயந்துவிட்டான். தப்பாக எதுவும் கேட்டுவிட்டோமா என்று ஏணியை விட்டு இறங்கி வந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நீ இருந்திருந்தால் அந்த பிரஷைப் பிடுங்கி 'ர' போட்டிருப்பாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருப்பேன். அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே ஓடியிருப்பான். ஐப்பசி மழையில் நீ போய்ச் சேர்ந்தாய். நீ இல்லாமல் வருகிற முதல் மார்கழி இது. அதற்குள் இந்தக் கேள்வி என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது.

நீ இந்த ஊரில் பிறந்தவள். உன் வீட்டுக்காரர்தான் உன்னைத் தேடி இங்கே வந்தார். நான் மடுகரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த அன்றிலிருந்து எனக்குப் பெயரே கிடையாது, உன் வாயில் நான் 'மடுகரை'தான். உனக்கு என்னைவிட வயது கொஞ்சம் அதிகம் என்றாலும் உன்னை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் 'அக்கா' என்பேன். நான் 'அக்கா' என்று ஆரம்பித்தாலே மண்டபத்தில் இருக்கிறவர்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள்.

நம் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஐயா ஒருவர்தான். எங்கிருந்தோ வந்து ஏரிக்கரைக் குடிசையில் தங்கி, வாயில் ஒரு பல்கூட இல்லாமல் பாடிக்கொண்டிருந்தவர். அவரிடம் தீட்சை வாங்கியவர்களில் மேலத்தெருவும் உண்டு, கரைக்குக் கீழே இருக்கிற காலனியும் உண்டு. குடிசையில் எல்லோரும் ஒன்றாகத்தான் உட்காருவோம். அவர் பாட்டை அவர் எழுதியதில்லை, நாமும் எழுதவில்லை. காதால் வாங்கி வாயால் பாடினோம். அவருக்குப் பல் இல்லாததும் நம் ஊர் நாக்குக்கு இரண்டு ர-வும் ஒன்றாக இருப்பதும் பிற்பாடு என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மோர்ச் சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஐயாவுக்குக் கொடுக்கிற மோரில் நீ உப்பு போடுவாய். சாமியாருக்கு எதற்கு உப்பு என்று நான் கேட்டேன். "உப்பில்லாத மோரை மாடுகூடக் குடிக்காதுடி" என்றாய். பேச்சு வளர்ந்து, அவர் முன்னாலேயே இரண்டு பேரும் குரலை உயர்த்திவிட்டோம். ஐயா நம் மோரைத் தொடவில்லை, நமக்குத் தீர்ப்பும் சொல்லவில்லை. ஜோடித் தாளத்தை எடுத்தார். இரண்டு வெண்கல வட்டமும் ஒரே கயிற்றில் கோத்திருக்குமே, அதில் ஒன்றை உன் கையிலும் ஒன்றை என் கையிலும் கொடுத்தார். "பாடுங்க" என்றார்.

கயிறோ சாண் நீளம். முட்டியோடு முட்டி ஒட்டி உட்கார்ந்தால்தான் கை எட்டும். ஒருத்தி ஏந்த வேண்டும், ஒருத்தி அடிக்க வேண்டும். நான் தாளம் தப்பினால் உன் பாட்டு கெடும், நீ முறைத்துக்கொண்டு இழுத்தால் என் விரல் சிவக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் முறை மாற வேண்டும். ஏந்தினவள் அடிப்பாள், அடித்தவள் ஏந்துவாள். பாட்டெல்லாம் முடிந்த பிறகு, கையில் தாளம் இருக்கும்போதே, வழக்கை நிதானமாகப் பேசலாம். கயிறு அறுந்தால் இரண்டு பேரும் அந்த வருஷம் முழுக்கப் பாடக்கூடாது. இதுதான் 'ஜோடி பிடிப்பது'. நமக்கு முன்னாலேயும் பலர் பிடித்திருக்கிறார்கள். ஆனால் நம்மைப் போல அடிக்கடி பிடித்தவர்கள் யாரும் இல்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

அன்றைக்கு உப்பு வழக்கு முடியவில்லை. நீ ஒரு கல்யாணத்துக்குக் கடலூர் போயிருந்த நாள் பார்த்து, நான் ஐயாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "எதுத்தாப்ல ஆளு இல்லாம வழக்கு பேசாத. அவ வரட்டும்" என்றார். அந்த ஒரு பேச்சுதான். அதற்கப்புறம் நம் பஜனை மன்றத்தில் எதிரில் இல்லாதவரைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. நீ திரும்பி வந்த அன்று நான் உப்பில்லாத மோரோடு உட்கார்ந்திருந்தேன், நீ உப்புப் போட்ட மோரோடு வந்தாய். அவர் இரண்டையும் ஒரே சொம்பில் ஊற்றிக் குடித்தார்.

ஐயா அடங்கின வருஷம், அவர் பாட்டை மண்டபத்துச் சுவரில் எழுதிவைப்போம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம். கார்த்திகைக் கடைசி. பெயின்டர் சுவரில் கோடு போட்டுக்கொண்டு, "பாட்டைச் சொல்லுங்க" என்றார். நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொன்னோம். கடைசி வரியில் 'இ' எழுதிவிட்டு, எந்த ர என்று கேட்டார்.

"சின்ன ர" என்றாய் நீ.

"பெரிய ற" என்றேன் நான், அதே மூச்சில்.

அத்தனை வருஷம் ஒரே வாயாகப் பாடிக்கொண்டிருந்தவர்கள், இரண்டு பாட்டைப் பாடியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. மன்றமே திகைத்துப்போனது. ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டால், பாதிப் பேர் நெஞ்சில் இரக்கம் வைத்துப் பாடியிருக்கிறார்கள், பாதிப் பேர் கடவுளை மேலேயிருந்து கீழே கூப்பிட்டிருக்கிறார்கள்.

இது வெறும் எழுத்துச் சண்டையாக இருந்திருந்தால் இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டிருப்போம். உனக்கு அது எழுத்து இல்லை. உன் மூத்த பிள்ளை காய்ச்சலில் போன அன்று, ஐயா உன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, பொழுது சாயும்வரை அந்த ஒரே வரியைப் பாடிக்கொண்டிருந்தார். நீ அழவும் முடியாமல் கல்லாக இருந்தவள், அந்தப் பாட்டில்தான் அழுதாய். அதில் இருந்த இரக்கம்தான் உன்னை உட்காரவைத்துச் சோறு தின்னவைத்தது. அதை மாற்று என்று ஒருத்தி சொன்னால் உனக்கு எப்படி இருந்திருக்கும்!

எனக்கும் அது எழுத்து இல்லை. ஐயாவுக்குக் கால் தளர்ந்த பிறகு, மார்கழி விடியலில் ஐயாவின் லாந்தரை முன்னால் பிடித்துக்கொண்டு நம் பஜனை ஏரிக்கரை மதகுவரை போகும்போது, அவர் மதகுச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலனிப் பக்கம் முகத்தைத் திருப்பித்தான் அந்த வரியைப் பாடுவார். நான் அவருக்குத் தோள் கொடுத்து நிற்பேன். அவர் பார்வை போன சரிவில் என் பார்வையும் போகும். கால் நன்றாக இருந்த நாளெல்லாம் அவர் தனியாக அந்தச் சரிவில் இறங்கிப் போய், கூப்பிட்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார். பஜனை மட்டும் ஒரு நாளும் இறங்கினதில்லை; மதகோடு திரும்பிவிடும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே.

கேட்டது மாரிமுத்து. தோலக் அவன்தான். காலனியிலிருந்து கரையேறி வந்து, ஊரெல்லாம் நம்மோடு வாசித்துக்கொண்டு சுற்றி, மதகுக்கு வந்ததும் மறுபடி நம்மோடு ஊருக்குள் திரும்பி, பஜனை முடிந்த பிறகு தனியாக வீட்டுக்குப் போனவன். அந்தக் கூட்டத்தில் அவன் எழுந்தான்.

"சின்ன ர போடுங்க, பெரிய ற போடுங்க, எனக்கு ஒண்ணும் இல்லப்பா. ஐயா படத்த நானும்தான் கும்புடறேன். அவரு லாந்தர் என் வூட்டு வாசலத் தாண்டி ஒரு நாளாவது வந்துதா? இந்த மார்கழியும் மதகோட திரும்புனீங்கன்னா தோலக்க இங்கயே வெச்சிட்டுப் போயிடறேன். நாங்க கீழ தனியா ஒரு மன்றம் வெச்சிக்கறோம்."

அதுவரை எழுத்தாக இருந்த சண்டை அந்த நிமிஷம் வழியாக மாறிவிட்டது. இறங்கி வா என்றால் லாந்தர் இறங்க வேண்டும். இரங்கி வா என்றால் மேலேயே நின்று இரங்கலாம், கால் நனைய வேண்டாம். போக மனமில்லாதவர்கள் எல்லோரும் ஓடிவந்து உன் சின்ன ர-வுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். நீயோ அவர்களைக் கூப்பிடவும் இல்லை.

அதில் பெரிய ஆள் நாட்டாமை. மன்றத்தில் அவர் ஆள் இல்லை, தீட்சை வாங்கவில்லை, ஒரு பாட்டு முழுசாகத் தெரியாது. ஆனால் மண்டபத்து மனை அவர் தாத்தா விட்டது. மறுநாளே உன் வீட்டுக்கு வந்து, "ஐயா பாட்டைக் காப்பாத்தறது இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்" என்று உன்னைத் தூக்கி வைத்துப் பேசினாராம். இதை யாரோ சொல்லி நான் கேட்கவில்லை, நீயே வந்து சொன்னாய். தண்ணீர்க் குடத்தை என் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "ஏய் மடுகரை, அந்தாளு என்னைப் புகழறான். எனக்கு ஒடம்பே கூசுது" என்றாய்.

"அப்ப பெரிய ற-க்கு வந்துடேன்" என்றேன்.

"அவன எனக்குப் புடிக்கலங்கறதுக்காக என் எழுத்த நான் வுடணுமா? போடி" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி அன்றைக்கே மரியாதையாக மாறிவிட்டது. இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய்.

மன்றம் கடைசியில் வழக்கமான வழியைத்தான் பிடித்தது. மார்கழி முதல் நாள் நாம் இரண்டு பேரும் ஜோடி பிடிக்க வேண்டும், முன்னால் நடக்க வேண்டும். மதகிலே நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோமோ லாந்தர் அந்தப் பக்கம் வரும். கயிறு அறுந்தால் நாம் இரண்டு பேரும் அந்த வருஷம் மன்றத்துக்கு வெளியே. மாரிமுத்து அவன் வழியே. ஐயா வைத்துவிட்டுப் போன மன்றம் ஒரு சாண் கயிற்றில் தொங்கியது. பெயின்டரிடம் அந்த ஒரு எழுத்துக்கு இடம் விட்டு மற்றதை எழுதச் சொன்னோம்.

அந்த விடியல்! ஏரியிலிருந்து எழுந்த பனி கரைமேல் ஏறிக் கரும்புத் தோட்டத்தை மூடியிருந்தது. நீ தலையில் முக்காடு போட்டிருந்தாய், நான் சால்வை. தெருத் தெருவாகப் பாடிக்கொண்டு வந்தோம். இவ்வளவு நெருக்கமாக நடந்துகொண்டு இவ்வளவு விறைப்பாக இருந்தவர்கள் உலகத்திலேயே நாம்தான் இருந்திருப்போம். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் வாளியை வைத்துவிட்டு நம் கயிற்றையே பார்த்தார்கள்.

மதகு வந்தது. கடைசிப் பாட்டு. அடிக்கிற முறை உன்னுடையது, ஏந்துகிற முறை என்னுடையது. 'வாசல் தேடி' என்று எல்லோரும் எடுத்தார்கள். நான் சரிவில் ஒரு அடி இறங்கினேன். நீ கரைமேலேயே நின்றாய்.

கயிறு விண்ணென்று விறைத்தது. உன் கை எட்டவில்லை, தாளம் நின்றுபோனது. பாடினவர்கள் வாயும் ஒவ்வொன்றாக அடங்கியது. மாரிமுத்துவின் தோலக் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது; நிறுத்தவா வேண்டாமா என்று தெரியாத மாதிரி ஒரு அடி. பழைய கயிறு, என் விரலில் அதன் முறுக்கு பிரிவது தெரிந்தது. இழுத்தால் அறுந்துவிடும். ஏறினால் மாரிமுத்து போய்விடுவான். 'அக்கா' என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை. எனக்கு அப்போது கோபம் இல்லை, பயம்தான்.

அப்போதுதான் நாட்டாமை கையில் டார்ச்சோடு முன்னால் வந்தார். காரியம் கெட்டுவிடக்கூடாதே என்று பனியில் நமக்கு முன்பே வந்து மதகில் நின்றிருக்கிறார். டார்ச்சை உன் முகத்தில் அடித்து, "இன்னாம்மா, பாட்டே இரங்கின்னுதான சொல்லுது? யாரு எறங்கச் சொன்னது? நீ போயி அவளுக்கு ஜால்ரா போடறியே" என்றார்.

நீ உன் கையிலிருந்த வட்டத்தை உயரத் தூக்கி அந்த வெளிச்சத்தில் காட்டினாய்.

"இங்க இருக்கறதே ஒரு ஜால்ராதான் நாட்டாமை. பாதி என் கையில, பாதி அவ கையில. இதுல யாரு யாருக்குப் போடறது? இது எங்க ஐயா பசங்களுக்குள்ள இருக்கற வழக்கு. நீ அந்த டார்ச்ச அணைச்சிட்டுத் தள்ளி நில்லு."

அந்தக் குரல் ஏரிக்கு அந்தக் கரைவரை போயிருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினாய். "ஏய் மடுகரை! நான் சின்ன ர-தான் பாடுவேன், தெரிஞ்சிக்கோ!" என்று கத்திவிட்டு, சரிவில் தடதடவென்று இறங்கினாய். விறைத்திருந்த கயிறு தொய்ந்தது. அடுத்த நொடி நீ என்னைத் தாண்டிப் போய், கயிற்றோடு என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போனாய். விழாமல் இருக்க நான் ஓட வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டே ஏந்தினேன், நீ அடித்தாய். தோலக்குக்கு உயிர் வந்தது பார், அப்படி ஒரு வாசிப்பை மாரிமுத்து அதற்கு முன்னாலும் வாசித்ததில்லை, பின்னாலும் வாசித்ததில்லை. லாந்தர் இறங்கியது. அதன் பின்னால் நம் ஆட்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இறங்கினார்கள்.

"வாசல் தேடி இரங்கி வா!" நீ என் காதருகே அடித்தொண்டையில் பாடினாய். நானும் விடவில்லை, "இறங்கி வா!" கேட்டவர்கள் யாருக்காவது வித்தியாசம் தெரிந்ததா? ஊரே ஒரே பாட்டாகக் கேட்டது. அது இரண்டு பாட்டு என்று நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

சரிவின் அடியில் கோலம் இருந்தது. காலனி முனையிலிருந்து கடைசி வீடுவரை, வாசலுக்கு வாசல் பெரிய பெரிய கோலம், நடுவில் சாணத்தில் வைத்த பூசணிப்பூ. நாம் இறங்குவோமா மாட்டோமா என்று நமக்கே தெரியாதபோது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நான் மாரிமுத்துவின் பெண்சாதியிடம் கேட்டேன். அவள் லாந்தரைப் பார்த்தபடியே சொன்னாள்: "இன்னிக்கின்னு போடலக்கா. வருசா வருசம் போடறதுதான். பாட்டு மதகாண்ட கேக்குமே, வந்தாலும் வரும்னு."

நீ அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் இன்னொரு கையில் தாளம் இருந்ததால் என் கையும் சேர்ந்து வந்தது. மூன்று பேரும் அந்தக் கோலத்தின் ஓரத்தில் நின்று அழுதோம். வெட்கமே இல்லாமல், சந்தோஷத்தில் அழுதோம். அதைவிடப் பெரிய வெற்றி என் வாழ்க்கையில் வந்ததில்லை. யாரை ஜெயித்தேன் என்று கேட்டால் மட்டும் சொல்லத் தெரியாது.

திரும்பி வரும்போது கேட்டேன், ஏன் இறங்கினாய் என்று. தாளம் இன்னும் நம் கையில்தான் இருந்தது, பேசலாம்.

"மதகுல நின்னப்ப நெனச்சிக்கினேன். எம் புள்ள போன அன்னிக்கு ஐயா கரைமேல நின்னா பாடுனாரு? எங்க வூட்டு வாசல்ல வந்து உக்காந்துதான பாடுனாரு. எரக்கம்னா அதான்டி." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாய். பிறகு உனக்கே சந்தேகம் வந்துவிட்டது போல, "அதுக்காக உன் எழுத்து சரின்னு ஆயிடாது" என்றாய்.

போகிக்கு முன் பெயின்டர் மறுபடி வந்தார், விட்ட எழுத்தைக் கேட்டார். "சின்ன ர!" "பெரிய ற!" மறுபடியும் ஒரே மூச்சு. மாரிமுத்துதான் தீர்த்துவைத்தான். "கயிறு அறுந்துதா? அறுந்துபோகல. வழக்கு முடிஞ்சிதா? முடியல. அப்ப அந்த எடத்த அப்படியே வுடுங்க. முடியற அன்னிக்கு எழுதிக்கலாம்." நாட்டாமை தை முழுக்க மண்டபத்துப் பக்கமே வரவில்லை. கொம்யூன் பஞ்சாயத்தில் சொல்லி மண்டபத்தைப் பூட்டவைக்கிறேன் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார், பூட்டு வரவில்லை. அடுத்த மார்கழியில் அவர் வீட்டு மருமகளே லாந்தரைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். அவர் கரைமேல் நின்று, "பாத்து எறங்கு, வழுக்கும்" என்று டார்ச் அடித்தார். நீ என்னை இடித்தாய், நான் உன்னை இடித்தேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு மார்கழி முதல் நாளும் ஜோடி நம்முடையதுதான். அபராதமாக ஆரம்பித்தது உரிமையாகிவிட்டது. கடலூரிலிருந்து ஒரு புலவர் வந்தாரே, சுவரைப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "இரண்டுமே பொருந்தும், இரண்டும் சரிதான்" என்றார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் துரத்தாத குறை. இரண்டும் சரி என்று சொல்ல அவர் யார்? ஒன்றுதான் சரி. எது என்பதுதானே வழக்கு! காலனிப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது இடைவெளியை விட்டுவிட்டு "வாசல் தேடி இங்கி வா" என்று படித்து, "இங்க வான்னு எழுதத் தெரியாம தப்பா எழுதிட்டாங்க" என்று நம்மைக் கேலி செய்யும். அதுகளை அடிக்கக் கை ஓங்குவாய், பிறகு சுண்டலைக் கொடுப்பாய்.

ஐப்பசியில் நான் உன்னைப் பார்க்க வந்தபோது வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நீ பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியிருந்தாய், தூங்குகிறாய் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "நான் போனதும் ஓடிப்போய் பெரிய ற போட்டுடாதடி."

"போடத்தான் போறேன்" என்றேன். "உன் கருமாதி சாப்பாடு சாப்பிட்ட கையோட போடுவேன்."

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் இருமல் வந்து, உன் மகள் என்னை முறைத்தாள். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. வேறு என்ன பேசியிருக்க வேண்டும்? எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இதோ, பெயின்டர் ஏணியில் காத்துக்கொண்டிருக்கிறான். மாரிமுத்துவின் மகன்தான் இப்போது மன்றத்துக்குச் செயலாளர். அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "பெரியம்மா, அவங்கதான் போயிட்டாங்களே. இனிமே யாரு கேக்கப் போறா? உங்க எழுத்தயே போட்டுடச் சொல்லவா?"

நல்ல பையன், எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான். பிரஷ் நுனியில் பெயின்ட் சொட்டுவதற்குத் தயாராக நின்றது. ஒரே ஒரு எழுத்து. இத்தனை வருஷம் உன்னோடு மல்லுக்கட்டிய எழுத்து. தடுக்க நீ இல்லை.

"எதுத்தாப்ல ஆளு இல்லாம நாம வழக்கு பேசறதில்ல" என்றேன்.

"அவங்க இனிமே வர மாட்டாங்களே பெரியம்மா."

"அப்ப வழக்கும் முடியாது. அந்த எடத்த அப்படியே வுடச் சொல்லு."

பெயின்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு, இடைவெளியைச் சுற்றி வெகு கவனமாக 'இ'யையும் 'ங்கி'யையும் எழுதி முடித்தான். நீ ஜெயித்துவிட்டாய், பார்த்தாயா! போனவளோடு எப்படி வாதாடுவது? உயிரோடு இருந்தபோது என்னால் ஜெயிக்க முடியாதவள், இப்போது யாராலும் தோற்கடிக்க முடியாதவளாகிவிட்டாய். சந்தோஷமாக இரு.

ஒரு சேதி சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் பஜனைக்கு மைக் செட் கட்ட வேண்டும் என்று மாரிமுத்து பிடிவாதம் பிடிக்கிறான். ரெக்கார்டு போடுகிற கல்யாண வீடா இது என்று நான் கேட்டேன். பேச்சு முற்றிவிட்டது, மன்றம் எங்களை ஜோடி பிடிக்கச் சொல்லிவிட்டது. உன் பாதியை இந்த முறை அவன் பிடிப்பான். கயிற்றைப் புதிதாக முறுக்கிக் கட்டிவிட்டேன். அவன் உன்னைப் போல இழுக்க மாட்டான், எனக்குச் சப்பென்றுதான் இருக்கும்.

ஆனால் சரிவில் இறங்கும்போது நான் என்ன பாடப்போகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன். முதல் நாள் உன் சின்ன ர. மறுநாள் என் பெரிய ற. ஒருத்தி அடித்தால் ஒருத்தி ஏந்த வேண்டும், அதுதானே முறை. மாரிமுத்துவுக்குத் தெரியாது, காலனிக்குத் தெரியாது, மைக் செட்டே கட்டினாலும் ஊருக்குத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு அது ஒரே பாட்டுதான். அன்றன்றைக்கு யார் முறை என்று உனக்குத் தெரியும்டி.